நக்கிள்ஸ் மலைப்பாதைகளைப் பேணுவது யார் பொறுப்பு?

விடுமுறை நாட்கள் வந்துவிட்டால் மாத்தளையிலிருந்து இறத்தோட்டை ஊடாக ரிவஸ்டன் நோக்கிச் செல்லும் மலைவீதியில் வாகனங்கள் பெருகிவிடுகின்றன. மூடுபனியையும் அருவிகளையும் கண்டு திரும்புவோர் ஒருபுறமிருக்க, தோளில் பையைச் சுமந்து காட்டுப்பாதைகளில் கால்நடையாக ஏறும் இளைஞர்களும் பலர் உள்ளனர். தமது நாட்டின் மலைகளை இளைஞர்கள் நடந்து அறிந்துகொள்வது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவர்கள் நடக்கும் பாதைகள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு சிதைகின்றன, அவற்றைப் பேணும் கடப்பாடு யாருக்கு உண்டு என்பன குறித்து நாம் போதியளவு சிந்திப்பதில்லை.

மாத்தளை, கண்டி ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்துள்ள இம்மலைத்தொடர், மூடிய கையின் விரல் கணுக்களைப் போன்று தோற்றமளித்தமையால் ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் இது தும்பறை மலைத்தொடர் எனப்படுகின்றது. இதன் அதியுயர் சிகரமான கொம்பனிய 1,906 மீற்றர் உயரமானது. 2000ஆம் ஆண்டு இப்பகுதி பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றுடன் இணைத்து யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

அந்த அங்கீகாரத்துக்குத் தக்க காரணம் உண்டு. மேற்குச் சரிவுகளில் ஈரலிப்பான மலைக்காடும், உச்சிகளில் காற்றினால் குறுகி வளர்ந்த குள்ள மரக்காடும், கிழக்கே இறங்கும்போது புல்வெளியும் வறள்வலயத் தாவரங்களும் ஒரே நாள் நடையில் மாறி மாறி எதிர்ப்படும். இலை போன்ற மூக்கினைக் கொண்ட ஓணான் இனமொன்றும், ஈரப் பாறை இடுக்குகளில் வாழும் தவளையினமொன்றும் உலகில் இம்மலைத்தொடரில் மட்டுமே காணப்படுகின்றன. பாதையை விட்டு விலகி ஒருவர் புரட்டிப் போடும் கல் அத்தகைய உயிரினத்தின் வீடாக இருக்கக்கூடும்.

இம்மலைகளில் உள்ள பாதைகள் பல, உல்லாசப் பயணிகளுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. லக்கல, மீமுரே போன்ற பகுதிகளின் கிராமவாசிகள் மலை கடந்து சென்றுவந்த ஒற்றையடிப் பாதைகளும், ஏலத் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளர் நடந்த வழிகளுமே இன்று நடைப்பயணப் பாதைகளாகியுள்ளன. மலையகத் தமிழருக்கு மாத்தளைக்கான பாதை வேறொரு பொருளும் தருவது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய எமது முன்னோர் தம்புள்ளை வழியாகக் காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். அவர்களை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி இடம்பெற்றமை வாசகர்கள் அறிந்ததே.

மலைப்பாதை சிதைவதற்கு முதற்காரணம் நீர். பலர் நடந்து இறுகிய மண் மழைநீரை உறிஞ்சுவதில்லை. ஆகவே பாதையே ஓடையாக மாறுகின்றது. சேறாகிய பகுதியைத் தவிர்க்க நடப்போர் ஓரத்தில் கால் வைக்கின்றனர். புல் அழிந்து பாதை அகலிக்கின்றது. வளைந்து செல்லும் பாதையைத் தவிர்த்து நேராக இறங்கும் குறுக்குவழி, ஒரே மழைக்காலத்தில் பள்ளமாக அரிக்கப்பட்டுவிடும். பிட்டவல பத்தனை போன்ற புல்வெளிகளில் பாறையின் மேல் மெல்லிய மண்படையே உள்ளதால், இழந்த மண்ணை மீளப் பெறுவது எளிதன்று. அரித்துச் செல்லப்படும் மண் மலையடிவாரத்தோடு நின்றுவிடுவதுமில்லை. இம்மலைகளின் நீர் அம்பன் கங்கை வழியே மொரகஹகந்த நீர்த்தேக்கத்தையும், ஹுலு கங்கை வழியே விக்டோரியா நீர்த்தேக்கத்தையும் அடைகின்றது. மலையின் மண் அங்கே வண்டலாகப் படியும்போது வயலுக்கான நீரின் இடம் குறைகின்றது.

பாதையின் குறை, நடப்போரின் உயிருக்கும் ஆபத்தாகின்றது. ஆளுயரம் வளரும் மானாப்புல் வழியை மறைத்துவிடும். சில நிமிடங்களில் இறங்கும் மூடுபனியில் எதிரே உள்ள பாறை விளிம்பும் தெரியாது. கையடக்கத் தொலைபேசியை நம்பிச் செல்வோர், பள்ளத்தாக்குகளில் அலைவரிசை கிடைக்காமற் போகும் என்பதை மறந்துவிடுகின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. மாத்தளை உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் பாரிய மண்சரிவுகள் ஏற்பட்டன. அதற்கு முன்னர் வரையப்பட்ட பாதை வரைபடத்தை இனியும் அப்படியே நம்புவது புத்திசாலித்தனமாகாது.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்களினூடாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ பாதை, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு அறிவிப்புக் குறிகளுடன் அமைக்கப்பட்டது. பழைய தோட்டப் பாதைகளை ஒழுங்குபடுத்தினால் பயணிகளும் வருவர், வழியிலுள்ள மக்களும் பயன்பெறலாம் என்பதை அது உணர்த்துகின்றது. நக்கிள்ஸ் பேணற்காடு என்பதால் இங்கு கட்டுப்பாடு மேலும் இறுக்கமாக இருத்தல் வேண்டும்.

வனப் பாதுகாப்புத் திணைக்களம் ஒவ்வொரு பாதையையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, திறந்தவை எவை, மூடப்பட்டவை எவை என்று அறிவிக்க வேண்டும். நீர்வடிகால்களும் கற்படிகளும் மழைக்கு முன்னரே சீர்செய்யப்படல் வேண்டும். மண்சரிவு கண்ட இடங்களைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்ட பின்னரே பாதைகளைத் திறப்பது நன்று. எச்சரிக்கைப் பலகைகள் மூன்று மொழிகளிலும் அமைவது அவசியம். ஆபத்தை அறிவிக்கும் வாசகம் புரியாதவருக்கு அந்தப் பலகை இருந்தும் பயனில்லை. பாதை பராமரிப்பிலும் வழிகாட்டல் பணியிலும் மலைக்கிராம இளைஞர்களுடன் தோட்டப்புற இளைஞர்களும் பயிற்றுவிக்கப்பட்டுச் சேர்க்கப்பட வேண்டும். நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி பாதைக்கே செலவிடப்படுமாயின் அவர்களுக்கு நிலையான வேலையும் கிட்டும்.

மலையேறுவோருக்கும் கடமையுண்டு. அனுமதிச்சீட்டும் வழிகாட்டியுமின்றிக் காட்டினுள் நுழையாதிருத்தல், குறுக்குவழியைத் தவிர்த்தல், கொண்டுசென்ற பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவருதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடிப்பதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. முன்னோர் காலால் வகுத்த வழிகளை எமது கால்களே அழித்துவிடாதிருக்கத் திணைக்களமும் பயணிகளும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னரே செயற்பட வேண்டும்.