உங்களுக்குத் தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ் முதல் கம்பாங் வரை விபாசனா

● பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள பௌத்த மகா விகாரை, 1894இல் சிங்களவர்கள் உருவாக்கியது. 1952இல் இலங்கையிலிருந்து வந்த தம்மானந்த தேரர், 2006இல் மறையும்வரை அதன் தலைமைத் தேரராக இருந்தார். கந்தசாமி கோவிலுக்குப் போகிற நம்மவர்களில் பலர் இந்த வாசலைத் தாண்டித்தான் போகிறோம். உள்ளே போனவர்கள் குறைவு.

● பௌத்த தியான முறையான விபாசனாவில் மந்திரமோ உருவமோ கிடையாது. மூச்சைக் கவனிப்பார்கள், பிறகு உடம்பில் தோன்றும் அரிப்பு, வலி, சூடு எல்லாவற்றையும். மூக்கு அரித்தால் சொறியக் கூடாது, அது வந்து போவதைப் பார்க்க வேண்டும். அரிப்பிடம் பழகிய பொறுமை கோபத்திடமும் உதவும் என்பதுதான் கணக்கு.

● பர்மாவின் மகாசி சயாடோ வழியில், கோபம் வந்தால் மனதுக்குள் ‘கோபம், கோபம்’ என்று குறித்துக்கொள்வார்கள். 2007இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவின் கொதிப்பு தணிவதைப் படமெடுத்தார்கள்.

● எஸ்.என்.கோயங்கா ரங்கூனில் பெரிய வணிகர். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் விபாசனா குரு ஊ பா கினிடம் போனார். அந்தக் குருவோ பர்மா அரசின் தலைமைக் கணக்காளர்! “தலைவலிக்காக என்றால் வராதே” என்ற பொருள்பட முதலில் திருப்பி அனுப்பினாராம். 1969இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கிய கோயங்கா, 1994இல் டில்லி திகார் சிறையில் ஒரே முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை உட்கார வைத்தார்.

● கோயங்கா வழியில் நடக்கும் மையம் நமக்குப் பக்கத்திலேயே, பகாங் கம்பாங்கில் இருக்கிறது. 10 நாள், விடியற்காலை 4 மணிக்கு மணி. பேச்சில்லை, கைப்பேசியில்லை, இரவுச் சாப்பாடும் இல்லை. கட்டணமும் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. பசியைக்கூடத் தாங்கிவிடலாம், வாட்ஸ்அப் இல்லாமல் 10 நாள் என்பதுதான் நம் காலத்துத் தவம்.

● எல்.ஆர்.டி.யில் ஊன்றுகோலோடு ஏறுபவருக்கு எத்தனை பேர் எழுந்து இடம் விடுகிறோம்? 2013இல் அமெரிக்காவில் இதையே சோதித்தார்கள். காத்திருப்பு அறையில் மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்க, எட்டு வாரம் தியானம் பழகியவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் தந்தார்கள். பழகாதவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். சோதனைக்கு வந்தவர்கள் 40 பேருக்கும் குறைவு என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும், தியானம் ஆளைத் தன்னலக்காரராக்கும் என்ற பேச்சுக்கு நல்ல பதில்.

● 2014இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்தால் மிதமான பலன் உண்டு. ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ அது மிஞ்சுவதற்குச் சான்றில்லை.

● மலேசியாவில் 2023 கணக்குப்படி பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு; 2019இல் இது 2.3 ஆக இருந்தது. நீங்களும் அதற்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்திவிட்டுத் தியான முகாமுக்குப் போய்விடாதீர்கள். மனம் தாங்காத வேளையில் மன ஆறுதல் தரும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்: 03-7627 2929.