கீறல் விழுந்த சி.டி-க்குள் அப்பத்தா குரல்... பிசிறில்லாமல் மீட்பது எப்படி?

உங்க வீட்டு பீரோ மேல தூசி படிந்த சி.டி டப்பா ஒண்ணு இருக்கா? ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம்னா அதுக்குள்ள என்னவெல்லாம் இருக்கலாம்! அத்தை கல்யாணத்துல பதிவு செஞ்சது, அப்பத்தா பாடின முளைப்பாரிப் பாட்டு, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்ச கதையைத் தாத்தா சொன்னது... சினிமா பாட்டு போனால் ஆன்லைனில் கிடைக்கும். இந்தக் குரல்களுக்கு உலகத்திலேயே அந்த ஒரு சி.டி-தான்!

காப்பி ஆயிடுச்சு... ஆனா சரியா ஆச்சா?

ஆடியோ சி.டி-யில் ஒவ்வொரு நொடிக்கும், ஒவ்வொரு சேனலுக்கும் 44,100 எண்கள் பதிவாகியிருக்கும். இவை ஒரே இடத்தில் இல்லாமல் கலைத்துப் போட்டு எழுதப்பட்டிருப்பதால், சின்னக் கீறல் விழுந்தாலும் மிச்சத்தை வைத்து டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடும். தடத்தின் போக்கில் சுமார் 2.5 மி.மீ வரை அழிந்தாலும் இப்படி மீட்க முடியும். அதையும் தாண்டினால்? முன்னும் பின்னும் உள்ள எண்களைப் பார்த்து, நடுவில் ஒரு எண்ணை டிரைவே ஊகித்துப் போட்டுவிடும். காதுக்குத் தெரியாமலே போகலாம். ஆனா, அது அப்பத்தா குரல் இல்லை, டிரைவோட யூகம்!

எப்படி மீட்பது?

* முதலில் பாருங்க: சி.டி-யைத் திறந்தால் எம்பி3 ஃபைல்கள் தெரிகிறதா? அப்படியே காப்பி செய்தால் போதும். ட்ராக்குகள் மட்டும் தெரிந்தால் அது ஆடியோ சி.டி. கீழே உள்ளது அதற்குத்தான்.

* துடைங்க: மென்மையான ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்கணும். வட்டமாகத் தேய்த்தால் புதுக்கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். அதுதான் ஆபத்து.

* சாஃப்ட்வேர்: விண்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', மேக்கில் 'எக்ஸ்.எல்.டி', லினக்ஸில் 'சிடிபாரனோயா'. மூணுமே இலவசம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் 'செக்யூர் மோடு' ஒவ்வொரு துண்டையும் குறைந்தது 2 முறை படிக்கும். ஒத்துப்போகலைன்னா திரும்பத் திரும்பப் படித்து, 16-ல் 8 முறை ஒரே விடை வந்தால்தான் ஏற்கும். ஒரு பாட்டுக்கே அரை மணி நேரம் ஓடினாலும் பொறுமையா இருங்க.

* சரிபாருங்க: கடையில் வாங்கிய சி.டி என்றால், அதே சி.டி-யைக் காப்பி செய்த மற்றவர்களின் முடிவோடு 'ஆக்யுரேட்ரிப்' ஒப்பிட்டுச் சொல்லும். வீட்டுப் பதிவுக்கு அது கிடையாது. 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்க. இரண்டு முறையும் வரும் சி.ஆர்.சி எண் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. இல்லைன்னா, சந்தேகமான இடம் எந்த நிமிடம், எந்த நொடி என்று ரிப்போர்ட்டில் இருக்கும். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்க. ஒரு டிரைவ் திணறுவதை இன்னொன்று படித்துவிடும்.

* சேமிங்க: எம்பி3 வேண்டாம், அது சத்தத்தின் ஒரு பகுதியைக் கழித்துவிடும். 'ஃபிளாக்' ஃபார்மட்டில் எதுவும் குறையாது. போனில் ஒண்ணு, கிளவுடில் ஒண்ணு வைங்க.

மேல் பக்கம்தான் முக்கியம்!

கீழ்ப்பக்கம் 1.2 மி.மீ பிளாஸ்டிக். அதில் விழுந்த கீறலை மெருகேற்றிக்கூடச் சரிசெய்யலாம். தகவல் இருக்கும் உலோகப் படலமோ, பெயர் எழுதும் மேல் பக்கத்துக்கு அடியிலேயே மெல்லிய பூச்சோடு இருக்கு. கடலோர ஈரக்காற்று உள்ளே புகுந்தால் அது அரிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. பொத்தல் தெரிந்தால் அந்த இடம் திரும்பாது. மிச்சத்தையாவது உடனே எடுத்துடுங்க.

லேப்டாப்பில் இப்போ டிரைவ் வருவதில்லைதான். யு.எஸ்.பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கினாலோ, தெரிந்தவரிடம் இரவல் கேட்டாலோ போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கீழே இறக்குங்க மக்களே!