சினைப்பை திருகிக்கொண்டால் விடியும்வரை பொறுக்கக் கூடாது

அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று கடும் வலி. கூடவே குமட்டல், வாந்தி. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர், உடல் சூடு என்று வெந்தயமும் மோரும், மாதவிலக்கு வலி என்று மருந்துக்கடை மாத்திரை. இப்படியே இரவு கழிந்துவிடுகிறது. அந்த வலி சினைப்பை முறுக்கத்தால் வந்ததாக இருந்தால், விடிவதற்குள் ஒரு சினைப்பையே செயலிழந்துவிடலாம்.

என்ன நடக்கிறது?

கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளைத் தாங்கும் தசைநார்கள் வழியாகத்தான் ரத்தக் குழாய்கள் செல்கின்றன. கட்டியால் சினைப்பை கனத்துப்போனால், அது தன்னைத் தாங்கும் தசைநாரையே சுற்றித் திருகிக்கொள்ளும். ரத்தம் வெளியேற முடியாமல் முதலில் வீங்கும். பிறகு உள்ளே வரும் ரத்தமும் நின்று திசு அழியத் தொடங்கும். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கருத்தரிப்புக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கட்டியே இல்லாத, பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் இது வரலாம். வலப்பக்கம் அதிகம் வருவதால் குடல்வால் வலி என்றும் தவறாக எண்ணப்படுகிறது.

வலி விட்டு விட்டு வந்தாலும் அலட்சியம் வேண்டாம். முறுக்கம் தானே அவிழ்ந்து மறுபடியும் திருகலாம்.

உடனே செய்ய வேண்டியவை

வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் உணவு, பானம் எதுவும் தராதீர்கள். 108-ஐ அழையுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து புதுக்கோட்டை நகருக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே மாமா வரட்டும், ராகு காலம் கழியட்டும் என்று வீட்டில் கழிக்கும் நேரம்தான் பெரிய இழப்பு. 2017-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேறு மருத்துவமனைக்குப் போவதென்றால், இரவில் அறுவை செய்யும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

மணமாகாத பெண் என்பதற்காக ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். வயிற்றின் மேல்புறமாகவே எடுக்கலாம். ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அறிகுறிகள் பொருந்தினால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா மூலம் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்து நேரில் பார்ப்பதே வழி.

எடுக்க வேண்டுமா, காப்பாற்ற முடியுமா?

கறுத்துப்போன சினைப்பையை முன்பு அப்படியே அகற்றிவிடுவார்கள். முறுக்கை அவிழ்த்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பது இன்று தெளிவு. நீலமாக, கறுப்பாகத் தெரியும் சினைப்பையும் முறுக்கை அவிழ்த்தபின் பெரும்பாலும் தேறிவிடுகிறது. மாதவிலக்கு நின்றவர்கள், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர்கள், திசு முற்றிலும் அழிந்தவர்கள் ஆகியோருக்கு அகற்றுவது தேவைப்படலாம். ஒன்றை இழந்தாலும் மற்றொன்று நலமாக இருந்தால் தாய்மைக்கு வழி உண்டு.

உங்கள் உரிமைகள்

அவசரச் சிகிச்சை தருவது அரசு, தனியார் மருத்துவர் எல்லோருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கூறியது. டெல்லியில் ஒரு பெண், பரிசோதனைக்கான லேப்ராஸ்கோபிக்கு மட்டுமே சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாத அவசரம் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே கையெழுத்திடும் முன், "சினைப்பையைக் காப்பாற்ற முயல்வீர்களா, எந்த நிலையில் எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பாதிக்கப்பட்டால்

மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் பெற்ற மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். மருத்துவர்மீது தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். வருமான வரம்பின்றிப் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறலாம். இழந்த சினைப்பையைப் பெற முடியாது. வீட்டில் எந்தப் பெண்ணுக்காவது இந்த வலி வந்தால், எந்த நேரமானாலும் உடனே கிளம்புங்கள்.