கயிற்றின் மறுமுனை

நோயாளி இறந்தபின், சான்றிதழுக்காகக் காத்திருக்கும் வேளையில், கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் தனியே வந்து ஒன்று கேட்பதுண்டு. "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாரோ சார்?" சாத்தூரில் இக்கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். அப்போதெல்லாம், தம் மலையேற்றத் தோழரை இழந்தபின் 56 ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மருத்துவர் என் நினைவுக்கு வருகிறார்.

நான் மலையேறுபவன் அல்லேன். கழுகுமலைப் பாறையில் ஏறுவதற்கே எனக்கு மூச்சு வாங்கும். டாக்டர் சார்லஸ் ஹூஸ்டனின் பெயரை நான் முதலில் அறிந்தது பட்டமேற்படிப்பின்போதுதான். மிக உயரமான இடங்களுக்கு விரைந்து செல்வோரின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதை 1960இல் மருத்துவ இதழொன்றில் விளக்கி எழுதியவர் அவர். அதுவரை அதனை நிமோனியா என்றே பலரும் கருதிவந்தனர்.

1936இல் நம் நாட்டின் நந்தாதேவி சிகரத்தில், உச்சிக்குச் செல்லத் தேர்வான இருவருள் ஹூஸ்டனும் ஒருவர். டப்பா இறைச்சி ஒவ்வாமல் நோயுற்றதால் அவர் கீழே இறங்க நேர்ந்தது. அவருக்குப் பதிலாகச் சென்ற டில்மனும் உடன் சென்ற ஓடெலும் உச்சியை அடைந்தனர். மலையில் நோயாளியாக இருப்பது எத்தகையது என்பதை அவர் அன்றே அறிந்துகொண்டார்.

1953இல் அவர் தலைமையில் எண்மர் கே2 சிகரத்தில் ஏறினர். ஏறத்தாழ 7,700 மீட்டர் உயரத்தில் புயல் அவர்களைப் பல நாட்கள் கூடாரத்திலேயே முடக்கியது. ஆகஸ்ட் 7 அன்று, ஆர்ட் கில்கி என்ற இளம் நிலவியலாளர் எழுந்து வெளியே வர முயன்று மயங்கி விழுந்தார். ஓரிரு நாட்களாகக் காலில் இருந்த வலியைத் தசைப்பிடிப்பு என்றே அவர் எண்ணியிருந்தார். ஹூஸ்டன் பரிசோதித்தார். இடது கெண்டைக்காலின் சிரையில் இரத்தம் உறைந்திருந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியது உண்டு. கில்கிக்கு வந்த நோய் மலைக்கு மட்டும் உரியதன்று. உயரத்தில் இரத்தம் தடிக்கிறது. நீர் போதிய அளவு உட்செல்வதில்லை. கால்கள் அசையாமல் கிடக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிக்கும், அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும், மகப்பேறு முடிந்த தாய்க்கும், புற்றுநோயாளிக்கும், பக்கவாதத்தில் கிடப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு. செவிலியர் நடக்கச் சொல்லும்போது, "இன்னைக்கு ஓய்வு எடுக்கட்டுமே" என்று பரிந்து பேசும் உறவினரிடம் நான் சற்றுக் கடுமையாகவே நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமும் வலியும் சூடும் தோன்றினால், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் செல்லக்கூடும். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளும் உள்ளன. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

கில்கிக்கு 108 இல்லை. சில நாட்களில் இருமல் தொடங்கியது. கட்டி நுரையீரலை எட்டிவிட்டது. அவர் பிழைப்பது அரிது என்பதை மருத்துவரான ஹூஸ்டன் அறிந்திருந்தார். ஆயினும் நோயாளியிடம் ஆறுதலாகவே பேசினார். தம்மால் அனைவருக்கும் துன்பம் என்று கில்கி வருந்தினார். அவரை விட்டுச் செல்வது பற்றித் தோழர்கள் எவரும் பேசவில்லை. ஆகஸ்ட் 10 அன்று, படுக்கைப் பையிலும் கூடாரத் துணியிலும் அவரைச் சுற்றிக் கட்டி, செங்குத்தான பனிச்சரிவில் கயிற்றால் இறக்கத் தொடங்கினர்.

வழியில் ஜார்ஜ் பெல் சறுக்கி விழுந்தார். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதில் ஹூஸ்டன் உள்ளிட்ட ஐவர் சரிவில் உருண்டனர். மேலே பீட் ஷோனிங் ஒருவர் மட்டும், பாறைக்குப் பின்னால் ஊன்றிய பனிக்கோடரியில் கயிற்றைச் சுற்றி, ஐவரையும் கில்கியையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்தார். அவருக்கு அப்போது வயது 26. தலையில் அடிபட்டு நிலைதடுமாறி நின்ற ஹூஸ்டனை, மனைவியையும் மகளையும் நினைவூட்டியே ராபர்ட் பேட்ஸ் மேலே ஏறவைத்தார்.

கில்கியைச் சரிவில் பனிக்கோடரிகளோடு கட்டி வைத்துவிட்டு, அருகில் கூடாரம் அமைக்கச் சென்றனர். திரும்பி வந்தபோது அங்கே எவரும் இல்லை. பனிச்சரிவு அவரைக் கொண்டுசென்றது என்றே அன்று எண்ணினர். தோழர்கள் உயிர்பிழைக்க வேண்டி அவரே தம்மை விடுவித்துக்கொண்டாரோ என்ற ஐயம் பின்னர் எழுந்தது. ஹூஸ்டன் முதுமையில் அவ்வாறே நம்பினார். வேறு சிலரோ அவ்வளவு தளர்ந்திருந்தவரால் அது இயலாது என்றனர். அவருடைய உடலின் எச்சங்கள் 1993இல் பனியாற்றில் கிடைத்தபோதும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

மலையடிவாரத்தில் அவர்கள் எழுப்பிய கற்குவியல் இன்றும் இருக்கிறது. கே2இல் பின்னர் உயிர்நீத்தோரின் பெயர்களும் அங்கு சேர்ந்துகொண்டே வருகின்றன. ஹூஸ்டன் அதன்பின் பெருமலைகளில் ஏறவில்லை. மருத்துவராகவும் ஆய்வாளராகவும் பணியாற்றி, 2009இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். நோயாளி பிழைக்கமாட்டார் என்று தெரிந்தே கீழே இறக்க முயன்றது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்முயற்சியில் எழுவரும் இறந்திருக்கக்கூடும் என்பதும் உண்மைதான்.

வாசலில் நின்று கேட்பவர்களிடம் முன்பெல்லாம், "நீங்க எல்லாம் செஞ்சிட்டீங்க, மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது சில நாட்கள் கழித்து வரச் சொல்கிறேன். கோப்பைத் திறந்து, எந்த நாளில் என்ன நடந்தது, எது நம் கையில் இருந்தது, எது இல்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன். சிலரிடம், "ஆமாம், ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம், ஆனா இது அந்த நோயின்னு அப்ப உங்களுக்குத் தெரிய வழியில்லை" என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மையில் அப்படி வந்த ஓர் அம்மா, முழுவதும் கேட்டுவிட்டு, கணவரின் எக்ஸ்ரே படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.