கோழி எருவும் காய்கறித் தோட்டமும்

"கோழி எரு சூடு" என்று விவசாயிகள் கூறுவதுண்டு. அச்சொல்லில் உண்மை உண்டு. நான் பார்வையிடச் சென்ற சிற்றூர் ஒன்றில், விவசாயி ஒருவர் பண்ணையிலிருந்து வந்த ஈர எச்சத்தை அப்படியே கத்தரி நாற்றுகளின் தூரில் இட்டிருந்தார். ஒரு வாரத்திற்குள் இலைகளின் ஓரம் கருகி, பாத்தி முழுவதும் வாடிற்று. கடன் பெற்று நட்ட அவர், இனிக் கோழி எருவே வேண்டாமென்று வெறுத்துவிட்டார். குற்றம் எருவினுடையதன்று, இட்ட முறையினுடையதேயாகும்.

100 கிலோ தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரைக் கிலோ உள்ளது. அதே எடையுள்ள உலர்ந்த கோழி எச்சத்திலோ சுமார் 3 கிலோ தழைச்சத்தும், இரண்டரைக் கிலோ மணிச்சத்தும், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் சத்தும் உள்ளன. இத்தழைச்சத்தின் பெரும்பகுதி யூரிக் அமிலமாக இருக்கிறது. ஈரம் பட்டதும் அது விரைவில் அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவும் எச்சத்திலுள்ள உப்புகளும் சேர்ந்தே இளம் வேர்களைக் கருக்குகின்றன. திறந்த வெளியில் குவித்து வைத்தாலோ, அம்மோனியா காற்றில் கலந்து சத்து வீணாகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, நமது செல்வம் பறந்து போவதன் அறிகுறியே என்று உணர வேண்டும்.

ஆகவே, எச்சத்தை மக்க வைத்தல் அவசியமாகும். உலர்ந்த எச்சம் ஒரு பங்குக்கு, நறுக்கிய வைக்கோல் ஒன்றேகால் பங்கு எடை வீதம் கலக்கலாம். ஆழ்கூளக் கொட்டகை எருவில் உமி முதலியன முன்னரே கலந்திருப்பதால் வைக்கோலைக் குறைத்துக்கொள்ளலாம். நிழலான மேட்டு நிலத்தில் இடுப்பளவு உயரம் குவித்து, தென்னங்கீற்றால் மூட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டுமே கசியுமளவு ஈரம் போதுமானது. குவியலின் உட்புற வெப்பம் 55 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்து சில நாட்கள் நிலைத்தால், நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழியும். வெளிப்புறமும் அவ்வெப்பத்தைப் பெறுமாறு 15 நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிடுதல் வேண்டும். சுண்ணாம்பையும் சாம்பலையும் இதனுடன் சேர்த்தலாகாது. அவை அம்மோனியா வெளியேறுவதை மிகுவிக்கும். இரண்டு மூன்று மாதங்களில் குவியல் ஆறி, நெடி நீங்கி, மண் வாசனை பெறும். அதுவே பக்குவமாகும்.

தொழு உரம் சென்ட்டுக்கு 100 கிலோ இடும் தோட்டத்திற்கு, மக்கிய கோழி எரு 20 கிலோ போதுமானது. அதைக் கடைசி உழவில் மண்ணோடு கலந்துவிட வேண்டும். மண் பரிசோதனை முடிவுப்படி யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் குறைத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அளவுக்கு மேல் இட்டால் மணிச்சத்தும் உப்பும் மண்ணில் தேங்கும். பச்சையாக உண்ணும் வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி போன்றவற்றுக்கு மக்காத எச்சத்தை ஒருபோதும் இடலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் கடமையுண்டு. ஈர எச்சத்தில் ஈக்கள் பெருகுவதும், மழைநீரோடு அது கிணற்றிலும் ஊருணியிலும் கலப்பதும் ஊரார் அறிந்த தொல்லைகளே. நீர்நிலைகளுக்கும் வீடுகளுக்கும் எட்டவுள்ள மேட்டிடத்தைக் கிராம சபையில் பேசி ஒதுக்கினால், பண்ணையாளரின் சுமை விவசாயியின் செல்வமாகும். ஊர்ச் சச்சரவும் தணியும். முதலில் ஒரு சென்ட் நிலத்தில் செய்து பாருங்கள். அடுத்த போகத்தில் அண்டை விவசாயியும் தாமே கேட்டு வருவார்.