தகவல் துளி: சேது அணியும் ஆசியக் களமும்

ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரை நேயர்களே, நமக்குப் பக்கத்து ஊரான மதுரையின் பெண்கள் கால்பந்து அணி ஒன்று இந்திய சாம்பியன் ஆனது தெரியுமா? சேது எஃப்.சி.தான் அது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள்.

ஒவ்வொரு நாட்டு லீக்கின் சாம்பியன் கிளப்புகளும் மோதும் ஆசியப் போட்டி ஆண்களுக்கு 1967-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு? அதே 2019 நவம்பரில்தான், தென்கொரியாவில், ஒரு வெள்ளோட்டமாக. ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா என நான்கே நாட்டு கிளப்புகள். அந்த ஆண்டு இந்திய சாம்பியனான நம் சேதுப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. இன்றும் மனம் ஆறாத விஷயம் இது.

2021-ல் ஜோர்டானின் அகாபாவில் நடந்த அதே போட்டியில் கோகுலம் கேரளா அணி ஆடியது. இந்தியாவிலிருந்து போன முதல் அணி அது. உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று வீழ்த்தியது. 2024 முதல் அந்தப் போட்டி முழுமையான மகளிர் சாம்பியன்ஸ் லீக். மண்டபத்திலும் பாம்பனிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளே, இந்திய மகளிர் லீக்கை வென்றால் இப்போது ஆசியாவுக்கு வழி இருக்கிறது.