லூபஸ் கண்ட குழந்தையும் கல்லீரலும்

ஆய்வுப் பணியின் பொருட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் மகளின் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஓராண்டாக லூபஸ் நோய்க்குச் சிகிச்சை பெறுபவள். கல்லீரல் என்ஸைம்கள் மிகுந்திருப்பதாகத் தாளில் கண்டிருந்தது. "மாத்திரைதான் ஈரலைக் கெடுத்துவிட்டது ஐயா, நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி கொடுக்கலாமா?" என வினவினார். இவ்வையம் பிறருக்கும் எழக்கூடுமாதலின், இதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலின் உறுப்புகளையே பகையெனத் தாக்குவதுதான் லூபஸ். இது தொற்றுநோய் அன்று. நோயுற்றோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது இளவயதிலேயே தொடங்குகிறது. அவர்களுள் பெண் குழந்தைகளே மிகுதி. தோல், மூட்டு, சிறுநீரகம் ஆகியவற்றோடு கல்லீரலும் சிலருக்குப் பாதிக்கப்படுகிறது.

என்ஸைம் உயர்வதற்குக் காரணம் ஒன்றன்று. லூபஸே கல்லீரலில் அழற்சியை உண்டாக்கலாம். மிகுந்த அளவில் தரப்படும் ஆஸ்பிரின், மெதோட்ரெக்ஸேட், அஸதியோப்ரின் போன்ற மருந்துகளாலும் நேரலாம். வைரஸ் காமாலை வந்திருக்கலாம். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டு எடை கூடியமையால் ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம். இவையன்றி, எதிர்ப்புச் சக்தி கல்லீரலையே குறிவைத்துத் தாக்கும் தனி நோய் ஒன்றும் உண்டு. 1956இல் மெல்போர்ன் நகர மருத்துவர் இயான் மக்கே முதலியோர் அதற்கு லூபஸின் பெயரையே சார்த்தி வழங்கினர். அது வேறு நோயென்பது பின்னர் தெளிவாயிற்று. எனினும், இரண்டும் ஒரே குழந்தையிடம் அமைதலும் உண்டு.

சங்கக் கணக்கில் இருப்புக் குறைந்தவுடன் எழுத்தர்மீது பழி சுமத்துதல் முறையாகாது. ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தல் வேண்டும். இதுவும் அவ்வாறே. லூபஸே காரணமாயின் மருந்தைக் கூட்ட நேரிடும். மருந்தே காரணமாயின் அதனைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டும். வைரஸ் சோதனை, ஸ்கேன், சிற்சில வேளை கல்லீரலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்தல் ஆகியவற்றால் மருத்துவர் உண்மையைக் காண்பர்.

பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அடங்கியிருந்த லூபஸும் கிளர்ந்தெழும். கொடுத்துவரும் மருந்துகள் யாவற்றையும், கைம்மருந்து உட்பட, மருத்துவரிடம் ஒளியாமல் கூறல் வேண்டும். கண் மஞ்சளித்தல், சிறுநீர் கறுத்தல், ஓயாத வாந்தி, வழக்கத்திற்கு மாறான உறக்கம் ஆகியவை காணின் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

அவ்வங்கத்தினர் மறுநாளே மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். சோதனைகளுக்குப்பின் ஒரே ஒரு மாத்திரை மாற்றப்பட்டது; ஏனையவை தொடர்ந்தன. சில வாரங்களில் என்ஸைம் அளவு தணிந்ததாக நமக்குத் தெரிவித்தார். கேட்டறிந்த பின்னரே செயற்படுதல் நன்றென்பதை அங்கத்தினர் யாவரும் நினைவிற் கொள்வார்களாக.